தீர்ப்பில் இடம்பெறாத தமிழர்கள்

1943 அக்டோபர் 17 அன்று, ஜப்பானிய ராணுவம் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துக் கட்டிய சயாம்-பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் காட்டுக்குள் ஒன்றுசேர்ந்தன. மொத்த நீளம் 415 கிலோமீட்டர். அப்போது கட்டுமானத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஜப்பானிய மேஜர் ஜெனரல் இஷிதா எய்குமா. 1946 இறுதியில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்து 10 ஆண்டு சிறை விதித்தது. அவரோடு விசாரிக்கப்பட்டவர்களில் நகமுரா, இஷி என்ற இரு கர்னல்களுக்கு மரண தண்டனை கிடைத்தது. அந்தக் குற்றப்பத்திரிகை போர்க்கைதிகளைப் பற்றியது. மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் அதில் இல்லை.

போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு இதைப் போலப் பல மடங்கு என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. அவர்களில் தமிழர்கள் பல்லாயிரம் பேர். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஜப்பானியர் ஆசை காட்டினார்கள். வராதவர்களை லாரியில் ஏற்றினார்கள். சயாமின் பான்போங் வரை சரக்குப் பெட்டிகளில் அடைத்துச் சென்று, அங்கிருந்து மழைக்காட்டுக்குள் நடக்கவிட்டார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது, போர்க்கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தார்கள். நோயாளிகளைப் பிரித்து வைத்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். தமிழர் கூடாரங்களில் அப்படிச் சொல்ல ஆளில்லை. பெண்டு பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள்.

இஷிதா 1943 ஆகஸ்டில்தான் பொறுப்பேற்றார். காலராவின் கொடிய மாதங்கள் அதற்கு முன்பே கடந்துவிட்டன. இதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் பொறுப்பேற்ற நாளிலேயே முகாம்களின் நிலை அவர் கண்ணெதிரில் இருந்தது. பாதையை முடிக்கும் அவசரமும் தணியவில்லை. சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜெனரல் யமாஷிதா, பிலிப்பைன்சில் தன் படையினர் செய்த கொடுமைகளைத் தடுக்கத் தவறியதற்காக 1946 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். தன் கீழ் நடந்ததற்குத் தளபதி பதில் சொல்ல வேண்டும் என்ற அந்த அளவுகோல், தமிழர்கள் சாவுக்கும் பொருந்தும். இஷிதா குற்றவாளி என்பதில் நமக்கு ஐயமில்லை.

அவருடைய படையே இந்தச் சாவுகளை அறிந்திருந்தது. 1944-ல் தாமர்கான் பாலத்தருகே இறந்தோருக்காக ஜப்பானியர் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் தமிழிலும் ஒரு கல்வெட்டு உண்டு. சாகவிட்டவர்கள் தமிழில் எழுதி வைத்தார்கள். நீதி வழங்க வந்தவர்கள் அந்தக் குற்றப்பத்திரிகையில் தமிழரைச் சேர்க்கவில்லை. கங்காணி வைத்து அவர்களைக் கடல் கடத்தியதும், 1942-ல் கைவிட்டு ஓடியதும் அதே பிரிட்டிஷ் அரசுதான். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களின் முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

சுதந்திர இந்தியாவும் கேட்கவில்லை. 1952-ல் ஜப்பானுடன் செய்த சமாதான உடன்படிக்கையில் போர் இழப்பீட்டு உரிமை முழுவதையும் இந்தியா விட்டுக்கொடுத்தது. நட்புக்காக விட்டுக்கொடுத்ததைப் புரிந்துகொள்ளலாம். இறந்தவர்கள் யார் என்று கேட்பதையும் சேர்த்தே கைவிட்டதற்கு மன்னிப்பில்லை. ஜப்பானோடு சேர்ந்து போரிட்ட நேதாஜியின் படையை மதிக்கும் தென்பாண்டிச் சீமையில், ஜப்பானியத் தளபதிகளைக் குறை சொல்லத் தயங்குவோர் இன்றும் உண்டு. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களின் தியாகம் வேறு, சயாம் காட்டில் நடந்த கொலை வேறு. முன்னதைப் போற்ற பின்னதை மறக்கத் தேவையில்லை.

தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்தாம். ஆனால் கடையநல்லூர், தென்காசி நெசவாளர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்ப் பிழைத்த வரலாறு இந்த வட்டாரத்துக்கு உண்டு. ஜப்பானியர் வந்தபின் கடிதமும் பணமும் நின்றுபோன வீடுகள் திருநெல்வேலிப் பேட்டையிலும் இருந்திருக்கும். அந்தப் பழைய கடிதங்களையும் குடும்பப் பெயர்களையும் திரட்டும் வேலையைத் திருநெல்வேலியின் கல்லூரிகள் மேற்கொள்ள வேண்டும். ஜப்பானிடமும் பிரிட்டனிடமும் உள்ள தொழிலாளர் ஆவணங்களின் நகல்களை மத்திய அரசு கேட்டுப் பெற வேண்டும். பள்ளிப் பாடநூலில் இந்த ரயில் பாதைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டியது மாநில அரசின் கடமை. அடுத்த பாடத்திட்டத் திருத்தத்திலேயே அது இடம்பெற வேண்டும்.