ஆதரவா, பரிந்து பேசுதலா?



தொழிலாளர் ஞாயிறன்று வாசிக்கவேண்டிய தீர்மானத்தைக் குறித்து நம் மூப்பர்களுக்குள் எழுந்த வாக்குவாதத்தை உங்களில் அநேகர் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். "பனியன் தொழிலாளருக்காக இச்சபை பரிந்து பேசும்" என்பது வரைவில் இருந்த வாக்கியம். அதை "பனியன் தொழிலாளருக்கு இச்சபை ஆதரவு தெரிவிக்கிறது" என்று மாற்றவேண்டும் என்கிறார்கள் சிலர். இரண்டும் ஒன்றுதானே, ஒரு சொல்லுக்காக இத்தனை தர்க்கம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றானால், திருத்தத்துக்காக அவ்வளவு நேரம் போராடியிருக்க வேண்டியதில்லையே!

இரண்டும் ஒன்றல்ல என்பதைத் திருத்தம் கேட்டவர்களே மற்றவர்களைவிட நன்றாய் அறிந்திருக்கிறார்கள். வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள். "ஆதரவு தெரிவிக்கிறோம்" என்று சொல்லி முடித்த கணத்திலேயே நம் வேலை முடிந்துவிடுகிறது. யாரிடம் தெரிவித்தோம் என்று எவரும் கேட்பதில்லை. ஒரு சுவரொட்டியோ ஒரு ஜெபக்குறிப்போ போதும். பரிந்து பேசுவதற்கோ ஒருவருக்காக, இன்னொருவரிடத்தில், ஒரு குறிப்பிட்ட காரியத்தைக் குறித்துப் பேசவேண்டும். பேசப்படுகிறவர் முகம் சுளிக்கலாம். அவர் நம் சபையின் நன்கொடையாளராகவும் இருக்கலாம். இந்த இரண்டாம் ஆளைத் தீர்மானத்திலிருந்து அகற்றுவதற்காகவே "ஆதரவு" தேவைப்படுகிறது.

ஆதரவு என்னும் சொல்லின்மேல் எனக்குப் பகையில்லை. ஆதரம் என்றால் அன்பு. நம் வேதாகமத்திலும் அது உயர்ந்த சொல்லே. ஏசாயா முதலாம் அதிகாரம் பதினேழாம் வசனம் ஒடுக்கப்பட்டவனை ஆதரிக்கச் சொல்கிறது என்று ஒரு மூப்பர் எடுத்துக்காட்டினார். நல்லது, ஆனால் அவர் பாதி வசனத்தில் நின்றுவிட்டார். அதே வசனத்தின் பிற்பகுதி திக்கற்ற பிள்ளையின் நியாயத்தையும் விதவையின் வழக்கையும் கையில் எடுக்கச் சொல்கிறது. தீர்க்கதரிசி ஆதரித்தலையும் வழக்கையும் ஒரே மூச்சில் சொன்னார். பின்பாதியை வெட்டிவிட்டு முன்பாதியைத் தீர்மானமாக்குவது வசனத்துக்குச் செய்யும் நியாயமா?

எஸ்தரின் புஸ்தகம் நான்காம் அதிகாரத்தைத் துணி நெய்து தைக்கும் நம்முடைய ஊரார் விசேஷமாய் வாசிக்கவேண்டும். மொர்தெகாய் இரட்டுடுத்தி அரண்மனை வாசலின் முன்னே நிற்கிறான். செய்தி கேட்டு மனம் கலங்கிய எஸ்தர் செய்த முதற்காரியம் என்ன? அவன் உடுத்திக்கொள்ள வஸ்திரங்களை அனுப்பினாள். அது ஆதரவு, உண்மையான அன்பினால் பிறந்த ஆதரவு. மொர்தெகாய் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மாறாக, யூதரை அழிக்கும்படி பிறந்த கட்டளையின் நகலை அவளுக்கு அனுப்பி, ராஜாவினிடத்தில் போய் தன் ஜனத்துக்காக மன்றாடும்படி சொல்லியனுப்பினான். அழைக்கப்படாமல் உள்ளே போனால் சாவு என்பது அரண்மனைச் சட்டம். எஸ்தரோ முப்பது நாளாய் அழைக்கப்படவில்லை. வஸ்திரம் அனுப்பியபோது அவளுக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை. கிறிஸ்துமஸ் தோறும் நாம் விடுதிகளுக்கு அனுப்பும் சேலைகளையும் போர்வைகளையும் இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"சபை ஒரு தரப்புக்கு வக்காலத்து வாங்கலாமா?" என்பது அடுத்த ஆட்சேபம். அரபியில் பிறந்து நீதிமன்றங்களின் வழியாய் நம் வாய்மொழியில் கலந்த இச்சொல், ஒருவர் தம் வழக்கை இன்னொருவரிடம் நம்பி ஒப்படைப்பதைக் குறிக்கும். ஒப்படைப்பவரின் கையெழுத்தில்லாமல் வக்காலத்து செல்லாது. இத்தனை கண்ணியமான சொல்லை நாம் ஏளனமாக்கி வைத்திருக்கிறோம். முட்டுக்கொடுத்தல், சப்பைக்கட்டு கட்டுதல் என்ற சொற்களோ வேறு வகை. அநியாயம் என்று தெரிந்தும் தாங்கிப்பிடிப்பதற்கு அவை உரியவை. பாகாலின் பலிபீடம் இடிக்கப்பட்டபோது திரண்டு வந்த ஊராரிடம் கிதியோனின் தகப்பனாகிய யோவாஸ் கேட்டதும் இதுதான்: பாகாலுக்காக நீங்களா வழக்காடுவது, அவன் தேவனானால் தனக்காகத் தானே வழக்காடட்டும் என்றான். வல்லமையுள்ளவனுக்கு இரவல் வாய் தேவையில்லை.

நம் ஊருக்கு வழக்காடத் தெரியாது என்றும் யாரும் சொல்லவேண்டாம். 2022 மே மாதம் நூல் விலை ஏறியபோது 16, 17 ஆகிய இரு நாட்களும் திருப்பூரில் பனியன் உற்பத்தி நின்றது. கதவடைத்தார்கள், அரசுக்கு மனு அனுப்பினார்கள், இன்னது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். அது நியாயமான வழக்கு. சிறிய ஜாப் ஒர்க் கூடம் நடத்தும் நம் சபையார் எத்தனை நெருக்கடியில் இருந்தார்கள் என்பதை நான் அறிவேன். அந்நாட்களில் எவராவது அவர்களிடம் வந்து "எங்கள் ஆதரவு உங்களுக்கு உண்டு" என்று மட்டும் சொல்லிப் போயிருந்தால் அது போதுமென்று இருந்திருப்பார்களா? நூல் விலைக்குப் போதாத சொல் ஒன்றரை ஷிப்ட் நின்று வேலை செய்கிறவளுக்குப் போதும் என்று நாமே தீர்மானிப்பது எப்படி?

இன்னொரு சொல்லையும் தொடவேண்டும்: பாதுகாப்பு. கொங்கு நாட்டிலும் திண்டுக்கல் வட்டாரத்திலும் உள்ள நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கு எடுத்ததை நீங்கள் அறிவீர்கள். முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும், திருமணத்துக்கு உதவும் என்பது வாக்குறுதி. நடுவில் நோயுற்றுத் திரும்பியவர்கள் பலர் அந்தத் தொகையை இழந்தார்கள். அவர்கள் விடுதியைவிட்டு வெளியே போகவும் வீட்டாரோடு தாராளமாய்ப் பேசவும் விடாமல் தடுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் "பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு". பூட்டு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அது பாதுகாப்பா, காவலா என்பது விளங்கும். சாந்தமான சொற்களின்மேல் எனக்குள்ள சந்தேகம் இங்கேதான் பிறந்தது.

2021 ஜனவரியில், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு குழுமத்தின் திண்டுக்கல் பகுதித் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொலையுண்டார்; அவருடைய மேற்பார்வையாளர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. அவர் பல மாதங்களாய்த் தொல்லைக்குள்ளாகியிருந்தார் என்று குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் கூறினார்கள். இரங்கல்களும் ஆதரவுகளும் ஏராளமாய் வந்தன. ஆனால் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் அதோடு நிற்கவில்லை. தொழிற்சாலை நிர்வாகத்திடமும் எச் அண்டு எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களிடமும் வழக்காடியது. 2022 ஏப்ரலில் "திண்டுக்கல் ஒப்பந்தம்" கையெழுத்தாயிற்று. நிர்வாகமும் அதில் ஒப்பமிட்டது என்பதை மரியாதையோடு சொல்லவேண்டும். அதன்படி தையல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளிகளிலேயே சிலர் பயிற்சி பெற்று, தொல்லையைக் கண்டால் எடுத்துச் சொல்லும் பொறுப்பை ஏற்றார்கள். அடுத்த மெஷினில் இருந்தவள் தன் தோழிக்காகப் பேசினாள்.

யோவானின் எழுத்துக்களில் வரும் பாராக்லேத்தோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பக்கத்தில் வரும்படி அழைக்கப்பட்டவர் என்பது பொருள். நம் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் அதைச் சுவிசேஷத்தில் பரிசுத்த ஆவியானவரைக் குறித்துத் தேற்றரவாளன் என்றும், முதலாம் நிருபத்தில் கிறிஸ்துவைக் குறித்துப் பரிந்து பேசுகிறவர் என்றும் இரண்டு விதமாய் எழுதினார்கள். மூலத்தில் தேற்றுகிறவரும் வழக்காடுகிறவரும் ஒரே சொல்தான். பரிவு என்னும் தமிழ்ச் சொல்லிலும் அன்பு, துன்பம் என்ற இரு பொருளும் சேர்ந்திருக்கின்றன. பிதாவினிடத்தில் நமக்காக ஒருவர் பரிந்து பேசுகிறார் என்பதைக் கொண்டே நாம் பிழைத்திருக்கிறோம். அவர் நமக்கு ஆதரவு மாத்திரம் தெரிவித்திருந்தால்?

ஓர் எச்சரிக்கை, இது என்னைப்போல் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு. எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் முதலாவது தாங்களே சபையின் முன் நின்று பேசினார்கள்; மோசே அவர்கள் சொன்ன வழக்கையே கர்த்தரிடத்தில் கொண்டுபோனான், தன் வழக்கை அல்ல. இன்றைக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் ஊர் விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களின் சொல் நமக்கு விளங்காதபோது எதைக் கொண்டுபோவோம்?

வரைவில் உள்ள சொல் அப்படியே இருக்கவேண்டும் என்பது என் நிலை. வரும் கமிட்டியிலும் அதையே சொல்வேன். நம் சபையில் ஒடியாவோ இந்தியோ பேசத் தெரிந்தவர்கள், விசேஷமாய்ச் சகோதரிகள், வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் என்னைச் சந்திக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.