மலைக்கு 28 நிமிடம்: சித்தூர், திருப்பதிச் சாலைகளுக்கு எந்தச் சிறிய செடான்?

அலிபிரிச் சோதனைச் சாவடியைக் கடந்து திருமலைக்கு ஏறும் வாகனம் 28 நிமிடங்களுக்கு முன்னதாக மேலே சென்று சேரக்கூடாது. இறங்கும் வாகனம் 40 நிமிடங்களுக்கு முன்னதாகக் கீழே வரக்கூடாது. விபத்துகளைக் குறைக்கத் தேவஸ்தானம் வகுத்த விதி இது. பாதையின் நீளம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் என்று கொண்டால், ஏறும்போது சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொடாது. இறங்கும்போது 30ஐத் தொடாது. இத்தகைய ஊரில் குடியிருந்துகொண்டு ‘ஸ்போர்ட்டி’யான கார் வேண்டும் என்று கேட்பது நகைப்புக்குரியது எனப் பலர் கருதுகின்றனர். சித்தூர், திருப்பதி நண்பர்களிடையே கார் வாங்குவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்த நகைப்பையும் கேட்கிறேன். அதனை மறுத்து எழுதவே இப்பதிவு.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நம் சாலைகளுக்கு மிகவும் பொருத்தமான வண்டி, நான்கு மீட்டருக்கு உட்பட்ட, நல்ல இழுவையும் உறுதியான பிரேக்கும் தாழ்ந்த உடலும் உடைய சிறிய செடான். அத்தகைய வண்டிகள் இரண்டு நம் கண்முன்னே வந்தன; இரண்டும் சில ஆண்டுகளில் மறைந்தன. இன்று கடையில் கிடைப்பவை அவற்றின் நிழல்கள்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘ஸ்போர்ட்டி’ என்றால் சிவப்பு நூல் தைத்த இருக்கை, கறுப்பு நிறக் கூரை, பின்புறம் ஒட்டிய சிறகு என்று விளம்பரங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. நம் ஊர் ஓட்டுநர்களிடம் இதைவிடத் துல்லியமான சொற்கள் உண்டு. ‘இழுவை’ என்பார்கள், ‘பிக்கப்’ என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. பாரத்தோடு மேட்டில் கியரைக் குறைக்காமல் வண்டி ஏறுவது இழுவை. மிதித்தவுடன் முன்னே பாய்வது பிக்கப். எஞ்சினின் உச்சத் திறனைக் குறிக்கும் எண்ணைவிட, எத்தனை சுழற்சியில் எவ்வளவு முறுக்குவிசை கிடைக்கிறது என்பதே இவ்விரண்டையும் தீர்மானிக்கிறது. 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஆற்றல் இங்கே யாருக்கும் தேவையில்லை. 40இலிருந்து 80க்குப் பதற்றமின்றிச் செல்லும் ஆற்றல் எல்லோருக்கும் தேவை.

அது ஏன் தேவை என்பதை அறிய, சூன், சூலை மாதங்களில் சித்தூரிலிருந்து புத்தூர், நகரிப் பக்கம் செல்லும் சாலைகளைப் பாருங்கள். மாங்கூழ் ஆலைகளுக்கு ‘தோத்தாபுரி’ ஏற்றிச் செல்லும் டிராக்டர்களும் லாரிகளும் சாலையை நிறைத்திருக்கும். திருப்பதிக்குச் செல்லும் அகன்ற தேசிய நெடுஞ்சாலையை மட்டும் வைத்து இப்பகுதியை எடைபோடக்கூடாது. மற்ற பல சாலைகளில் முந்திச் செல்ல எதிர்வரிசைக்குத்தான் போயாக வேண்டும். ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரியை, அதே வேகத்தில் பின்தொடரும் கார் முந்த வேண்டும். லாரியின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து, லாரியைவிட 44 மீட்டர் கூடுதலாகக் கார் ஓடவேண்டும். ஐவர் அமர்ந்து, குளிர்சாதனமும் இயங்கும் சாதாரணச் சிறிய செடான், வினாடிக்கு வினாடி ஒரு மீட்டர் வீதம் வேகம் கூட்டுகிறது என்று கொண்டால், இதற்கு ஒன்பதரை வினாடி ஆகும். அதனைவிட ஒன்றரை மடங்கு வேகங்கூட்டும் வண்டிக்கு ஏழே முக்கால் வினாடி போதும். வேறுபாடு இரண்டு வினாடிக்கும் குறைவு. ஆனால் எதிரே ஒரு பேருந்து 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், தேவைப்படும் வெற்றுச் சாலையில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 50 மீட்டர். அந்த 50 மீட்டரை ஆடம்பரம் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு: பிக்கப் கூடிய வண்டி இளைஞனை முந்தத் தூண்டும், பொறுமையே பாதுகாப்பு. பொறுமை வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், மாம்பழ டிராக்டருக்குப் பின்னால் பொறுமையோடு ஒருமணி நேரம் ஊர்ந்தவரும் இறுதியில் முந்தத்தான் செய்கிறார். அந்த நேரத்தில் அவர் காலடியில் என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி.

இனி மலை. திருமலையின் முதல் மலைப்பாதை 1944இல் திறக்கப்பட்டது. அதன் கொண்டை ஊசி வளைவுகள் இப்போது இறங்குவதற்குப் பயன்படுகின்றன. எழுபதுகளில் அமைந்த இரண்டாம் பாதையில் ஏறுகிறோம். ஏறும்போது, டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சின் ஐவரைச் சுமந்து இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டே செல்லும். வளைவில் முன்வண்டி தயங்கினால் முதல் கியருக்கு வந்தாக வேண்டும். தானாகக் கியர் மாற்றும் ஏ.எம்.டி. வகை வண்டிகள் சரியாக அந்த இடத்தில்தான், எந்தக் கியர் என்று ஒரு கணம் யோசிக்கும். இறங்கும்போது சோதனை வேறு. பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவரின் வண்டியிலிருந்து கருகிய நாற்றம் வருவதை இப்பாதையில் அடிக்கடி உணரலாம். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி ஓட்டுவது ஒரு பழக்கம். அதற்கு ஒத்துழைக்கும் கியர் அமைப்பு ஒரு வசதி. 2022 முதல் இம்மலையில் ஓடும் ஆர்.டி.சி.யின் மின்பேருந்துகளில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்தே கிடைக்கும் இழுவை, இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காக மாறி மின்கலத்துக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரும் முறை என, மலை ஒரு வாகனத்திடம் கேட்கும் இரண்டும் அதில் இருக்கின்றன.

வளைவுகளைப் பற்றிப் பேசும்போது எஸ்.யூ.வி. மோகத்தையும் தொட்டாக வேண்டும். திருப்பதி இரயில் நிலையத்தின் முன் வரிசையாய் நிற்கும் வெள்ளை நிறச் சிறிய செடான்களைப் பார்த்துப் பார்த்து, ‘அது டாக்சி வண்டி’ என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. திருமணத்துக்குப் பெண் பார்க்கச் செல்லும் குடும்பம் அதில் இறங்க விரும்பவில்லை. ஆகவே அதே விலையில் உயரமான வண்டியை வாங்குகிறார்கள். உயரமான வண்டியின் எடைமையமும் உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் உடல் பக்கவாட்டில் சாயும். பின்னிருக்கையில் பாட்டியும் பேரனும் கையில் எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையுமாக அமர்ந்திருப்பதற்கு மலையை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. தாழ்ந்த செடானில் அச்சாய்வு குறைவு. பள்ளத்திலும் வேகத்தடையிலும் அடிதட்டும் என்பது உண்மையான குறை; கிராமச் சாலையே அன்றாடம் என்றால் என் பரிந்துரையை மறந்துவிடலாம்.

இந்த நான்கு மீட்டர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 2006ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ப. சிதம்பரம், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் அல்லது 1500 சி.சி.க்கு மிகாத டீசல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16ஆகக் குறைத்தார். டாடா 2008இல் இண்டிகோவின் வாலை நறுக்கி இண்டிகோ சி.எஸ். வெளியிட்டது. மாருதி 2012இல் டிசையரை 3995 மில்லிமீட்டருக்குள் அடக்கியது. உலகில் வேறெங்கும் காணாத இந்தக் குட்டை டிக்கி செடான், நம் வரிச்சட்டம் பெற்ற பிள்ளை. அழகில் குறையிருக்கலாம்; 400 லிட்டரை ஒட்டிய டிக்கி கொண்ட குடும்ப வண்டி மலிவாகக் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகைக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அளவு மீறினால் 40. இந்த இடைவெளி இப்போது முன்னைவிட அகன்றிருக்கிறது.

இந்த வரம்புக்குள் நின்றே விறுவிறுப்பான வண்டி செய்ய முடியும் என்பதற்குக் கோவை சான்று. அங்குள்ள ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாடாவும் கூட்டாகத் தொடங்கிய முயற்சியில் 2018 அக்டோபரில் டிகோர் ஜே.டி.பி. வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, விலை 7.49 இலட்சம். பந்தயத் தடத்தில் பழகியவர்கள், சம்பளக்காரர் வாங்கும் காரைத் தொட்டுச் செப்பனிட்ட அரிய நிகழ்வு அது. 2020இல் பி.எஸ்.6 மாசு விதிகள் வந்தபோது அது தொடரவில்லை. அதே 2020 சனவரியில் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரித்த ஆரா, 1.0 லிட்டர் டர்போவுடன் வந்தது: 100 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர், அதுவும் 1500 சுழற்சியிலிருந்தே. என் மதிப்பீட்டில் நம் மலைக்கும் நம் மாம்பழச் சாலைக்கும் இதுவரை வந்தவற்றுள் மிகப் பொருத்தமான எஞ்சின் அதுவே. 2023 புதுப்பிப்பில் அதை நீக்கிவிட்டார்கள்.

வரிச்சட்டம் தடுத்ததா? இல்லை. ஒரு லிட்டர் டர்போ 1200 சி.சி. வரம்புக்குள் வசதியாக அடங்கும். வென்யூவிலும் நெக்ஸானிலும் ஃப்ராங்க்ஸிலும் இதே நிறுவனங்கள் டர்போ எஞ்சினைத் தருகின்றன. அவையும் நான்கு மீட்டருக்கு உட்பட்டவையே. செடானுக்கு மட்டும் மறுக்கிறார்கள். செடான் வாங்குபவர் மைலேஜ் தவிர வேறெதையும் கேட்கமாட்டார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். நாமும் அதற்கேற்பவே நடந்துகொண்டோம்.

இன்று எஞ்சியிருப்பவை நான்கு. டிசையர் 82 குதிரைத்திறன், ஆரா 83, டிகோர் 86, அமேஸ் 90. நான்கும் டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல்; முறுக்குவிசை 110இலிருந்து 114 நியூட்டன் மீட்டருக்குள். ஆராவும் அமேஸும் நான்கு சிலிண்டர் என்பதால் ஓசையும் அதிர்வும் குறைவு. டிகோருக்கு உச்ச முறுக்குவிசை 3300 சுழற்சியிலேயே கிடைத்துவிடுவதால் மேட்டில் சற்றே உதவும். ஆனால் எஞ்சின் முரடு. 2024 நவம்பரில் வந்த புதிய டிசையர், உலக என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. மாருதியின் வரலாற்றில் அதுவே முதன்முறை. இந்நான்கனுள் ஒன்று என்றால் நான் டிசையரின் கையால் கியர் மாற்றும் வகையைத்தான் சொல்வேன். விரைவுக்காக அன்று, எடை குறைவு, ஸ்டீயரிங் இலகு, மோதினால் உயிர்பிழைக்க வாய்ப்பு அதிகம். மேல்நிலை வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில், வானம் பார்க்கும் கூரைக்குப் பதிலாக நல்ல டயர்களை வாங்கலாம். பத்து இலட்சத்தைத் தாண்டிச் செல்ல முடிந்தவர்க்கு விர்டஸின் 1.0 டர்போ இருக்கிறது. அது 4561 மில்லிமீட்டர் நீளம், 40 விழுக்காடு வரி. ‘மலிவு’ என்ற சொல்லை அங்கே கழற்றி வைத்துவிட வேண்டும்.

எரிபொருள் செலவை மறைப்பது நேர்மையாகாது. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மாதம் 25 நாள் போய்வந்தால் 3500 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் வண்டிக்கும் 15 தரும் டர்போ வண்டிக்கும், பெட்ரோல் 110 ரூபாய் என்று வைத்தால், மாதம் நாலாயிரத்துக்கும் மேல் வேறுபாடு. காட்பாடிப் பக்கம் செல்லும்போதெல்லாம் டாங்கை நிரப்பிக்கொண்டு திரும்பும் நம் சிக்கன புத்தியும் இந்த இடைவெளியை அடைக்காது. ஆகவே தனியாளாக நாள்தோறும் போய்வருபவர்க்கு என் பரிந்துரை எந்தக் காரும் அன்று, ஆர்.டி.சி. பேருந்து. நான் பேசுவது குடும்பமாய் ஓட்டப்படும் வண்டியைப் பற்றி. வாரத்தில் சில நாள் ஊருக்குள், மாதத்தில் ஓரிருமுறை மலைக்கு, இடையில் வேலூர் மருத்துவமனைக்கு.

பழைய டர்போ ஆராவையோ ஜே.டி.பி.யையோ தேடி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆராவைத் தேடலாம், அவ்வெஞ்சின் வென்யூவிலும் உள்ளதால் பாகங்கள் கிடைக்கும். ஜே.டி.பி. குறைவாகவே விற்றது, அதற்கே உரிய பாகங்களுக்காக அலைய மனமும் நேரமும் உள்ளவர்க்கு மட்டும்.

எதை வாங்கினாலும், காட்சியகத்தார் சமதளச் சாலையில் தனியாய் ஒருசுற்று ஓட்டக் கொடுப்பதை ஏற்காதீர்கள். வீட்டிலுள்ள ஐவரையும் அழைத்துச் செல்லுங்கள். நண்பகலில், குளிர்சாதனத்தை முழுதாக வைத்து, சீனிவாச சேது மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதித்துப் பாருங்கள். வண்டி திணறினால் விற்பனையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் எஸ்.யூ.வி.யில் இருக்கும் டர்போ எஞ்சின் இதில் ஏன் இல்லை? பத்துப் பேர் கேட்டால் மேலிடத்துக்கு எழுதுவார்.