பேய்ப்படம், ரவுடிப்படம் பார்க்கும் மடப்பள்ளி ஆட்கள் சார்பில் நாலு வார்த்தை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படிங்க.

போன திருவிழாவில் ரதம் புறப்படும்போது நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். நாலைந்து பையன்கள் முதுகில் எண் போட்ட கறுப்புச் சட்டையோடு வடம் பிடிக்க வந்தார்கள். அது என்ன எண் என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. எண்ணையே பெயராக வைத்திருந்த கும்பல்களும் அதில் இருந்தன. "சட்டையைக் கழற்று, இல்லன்னா வெளியே போ" என்று பெரியவர்கள் சொன்னார்கள். பையன்கள் வெளியே போய்விட்டார்கள்.

அடுத்த வாரக் கூட்டத்தில் பேச்சு சினிமா பக்கம் திரும்பியது. "இந்த ரவுடிப் படமும் பேய்ப் படமும்தான் பிள்ளைங்களைக் கெடுக்குது. கோயிலுக்கு வர்றவங்க அதையெல்லாம் பார்க்கக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டணும்" என்றார் ஒரு பெரியவர். பலர் தலையாட்டினார்கள். மடப்பள்ளியில் காய் நறுக்குகிற நாங்க அஞ்சு பேரும் வாயைத் திறக்கவில்லை. காரணம், நாங்க அந்தப் படங்களை விடாமல் பார்க்கிற ஆளுங்க. ரெண்டாவது ஷிப்ட் முடிந்து வந்து, ராத்திரி ஒரு மணிக்குப் பேய்ப்படம் பார்த்துவிட்டு, காலையில் குளித்துக் கோயிலுக்கு வருகிறவர்கள். அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பேய்ப்படம். நாங்க தோட்டத்து லயன் வீட்டில் பேய்க்கதை கேட்டே வளர்ந்தவங்க. அந்தக் கதைகளில் பேய் சும்மா வராது. யாரோ யாருக்கோ செய்த அநியாயம் ஒன்று பின்னாடி இருக்கும். நல்ல பேய்ப்படமும் அப்படித்தான். மிஷ்கின் எடுத்த 'பிசாசு' 2014-இல் வந்தது. முதலில் பேய்க்குப் பயந்து நடுங்கும் பையனுக்குக் கடைசியில்தான் தெரியவரும், அந்தப் பெண்ணின் சாவுக்குக் காரணமே தன் கார்தான் என்று. அது தெரிந்தும் அந்தப் பிசாசு அவனைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. மன்னிப்பு என்பதை இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன பக்திப்படத்தைக்கூட நாங்க பார்த்ததில்லை. எங்களுக்குப் பிடிக்காத பேய்ப்படங்களும் உண்டு. கடைசிப் பத்து நிமிஷம் அம்மனைக் கிராபிக்ஸில் இறக்கி, சூலத்தால் குத்தவிட்டுக் காசு பார்க்கிற படங்கள். பெரியவர்கள் கோபப்பட வேண்டியது அந்த மாதிரிப் படத்தின் மேல்தான்.

பயங்கரமான உருவமே பிள்ளைகளுக்கு ஆகாது என்றால், நம்ம சந்நிதியில் காளியம்மா கழுத்தில் மண்டை ஓட்டு மாலை போட்டுத்தானே நிற்கிறாள்? மதுரை வீரன் கதையில் மாறுகால் மாறுகை வாங்கியதைச் சொல்லாமலா விட்டோம்? பிள்ளை பயந்தால் கண்ணை மூடுவதில்லை நாம். மடியில் உட்கார வைத்து, அவள் ஏன் அப்படி நிற்கிறாள் என்று கதையை முழுசாகச் சொல்கிறோம். அந்த "முழுசாக" என்ற வார்த்தையை ஞாபகத்தில் வைங்க. திரும்ப வருவோம்.

அடுத்தது ரவுடிப்படம். இதில் ரெண்டு வகை இருக்கு. ஒன்று, கத்தியோடு ஹீரோ மெதுவாக நடந்து வருவான், பின்னாடி பாட்டு அதிரும். இன்னொன்று, அந்தக் கத்தி கடைசியில் யார் வயிற்றில் இறங்குது என்று காட்டும். 2008-இல் வந்த 'சுப்பிரமணியபுரம்' ரெண்டாவது வகை. 1980 மதுரை, வேலையில்லாத கூட்டாளிகள். அரசியல்வாதிக்காகக் கொலை செய்துவிட்டு உள்ளே போவார்கள். ஏவிவிட்டவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். எங்களோடு தோட்டத்தில் படித்த ஒருத்தன் கதையும் அதேதான். அவன் போய் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவனுக்குத் தலைவனாக இருந்தவன் சாவு வீட்டுக்கு வரவில்லை. அவன் அம்மா இன்றைக்கும் வெள்ளிக்கிழமை வந்து எலுமிச்சை விளக்கு போடுகிறார். அந்தப் படத்தை ரெண்டாவது தடவை பார்க்க எங்களால் முடியவில்லை.

நம்ம நாட்டுப் படமே இருக்கு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்', 2015. மறு வருஷம் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது வாங்கியது. 90களின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், அதில் அப்போய் என்று ஒரு துறுதுறு பையன். அப்பாவிடம் அடி, பள்ளியில் திட்டு. அவன் மேல் ஆசையாகக் கண் வைப்பது கும்பலில் இருக்கிற சித்தப்பா. யார் தன்னைக் கவனிக்கிறார்களோ, பிள்ளை அந்தப் பக்கம் போகும். ரதத்தடியில் நாம் செய்ததும் அப்பாவும் வாத்தியாரும் செய்த வேலைதானே? சட்டையைப் பார்த்தோம், உள்ளே இருந்த பிள்ளையைப் பார்க்கவில்லை.

தொழிற்சாலையில் புது ஆள் சேர்ந்தால் நாங்க முதல் நாளே விபத்துப் படங்களைக் காட்டுவோம். மெஷினில் கை போனது, விரல் போனது. சிலருக்கு மயக்கம்கூட வரும். ஆனால் அதைப் பார்த்தவன் கார்டைத் திறந்துகொண்டு மெஷினில் கை விட மாட்டான். நல்ல ரவுடிப்படம் அந்த வேலையைத்தான் செய்யுது.

அன்றைக்கு வெளியே போன பையன்களில் ஒருத்தனை எங்களில் ஒருவர் பின்னாடியே போய்ப் பிடித்து, எதிரே இருந்த கடையில் தே தாரே வாங்கிக் கொடுத்தார். பதினைந்து வயது. "எந்தப் படம் பார்த்து இந்தச் சட்டை போட்டே தம்பி?" என்று கேட்டதற்கு, "படம்லாம் பார்க்க மாட்டேன் அங்கிள், ரொம்ப நீளம்" என்றான். கைப்பேசியில் முப்பது வினாடி துண்டுகளைத்தான் பார்த்திருக்கிறான். ஹீரோ நடந்து வருகிற துண்டு, வெட்டுகிற துண்டு. ஜெயில், சாவு, தாய் அழுவது எதுவும் அதில் இல்லை. விலையை வெட்டி எடுத்துவிட்டுச் சாமானை மட்டும் காட்டுகிறார்கள். 2016-இல் 'கபாலி' இங்கே ஓடியபோது, கபாலி போலீசில் சரணடைந்தார் என்று கடைசியில் எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரி வருவதற்குள் கொட்டகையில் பாதிப் பேர் எழுந்து நின்று விசில் அடித்துக்கொண்டு இருந்தார்கள். அப்படிக் கடைசியில் ஒட்டுகிற ஒரு வரியால் ஆகாது. நோட்டீசாலும் ஆகாது.

அதனால் நாங்க கேட்பது ஒன்றுதான். நோட்டீஸ் வேண்டாம். 'ஜகாட்' மாதிரி ஒரு படத்தைப் பையன்களோடு உட்கார்ந்து முழுசாகப் பார்ப்போம். முடிந்ததும் பேசுவோம். ஆலய வளாகத்துக்குள் வேண்டாம் என்று பெரியவர்கள் நினைத்தால் அது நியாயம்தான். எங்கள் ஒருவர் வீட்டு முன்கூடத்தில் இருபது பேர் உட்காரலாம். மீ கோரிங், தண்ணி எங்க செலவு. எண் போட்ட சட்டையோடு கோயிலுக்குள் வரக்கூடாது என்பதில் எங்களுக்கும் மறுபேச்சு இல்லை. கழற்றச் சொல்லும்போது மாற்றுச் சட்டை ஒன்றும் கையில் வைத்திருப்போம், அவ்வளவுதான்.

அந்தப் பையன் போன வாரம் மடப்பள்ளி வாசல் வரைக்கும் வந்தான். உள்ளே வரவில்லை. சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தான். இந்த வாரம் வந்தால் கத்தரிக்காய் நறுக்கக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.

பெரியவர்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும். உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்க. வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் சந்திப்போம். ஓம் சக்தி.