50 + 50 = 100 இல்லையாம்!

நான் காமர்ஸ் படிக்கிறவன். ஐம்பதும் ஐம்பதும் சேர்ந்து நூறு வரலைன்னா ராத்திரி முழுக்க உட்கார்ந்து தப்பைத் தேடுற கூட்டம் நாங்க :-) ஆனா 50 மில்லி தண்ணியில 50 மில்லி எத்தனால் (குடிக்கிற சரக்குல இருக்கிற ஆல்கஹால்) ஊத்தினா, சுமார் 96 மில்லிதான் வரும்!

எதுவும் சிந்தலை. ரெண்டு மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பால ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நெருக்கமா உட்கார்ந்துடுது. அதனால எண்ணெய் மாதிரி மேல மிதக்காது, அடியிலயும் தங்காது. எந்தச் சொட்டை எடுத்தாலும் ஒரே மாதிரி. பள்ளிக்கூடத்துல படிச்ச ஒருபடித்தான கலவை.

இதுல உனக்கென்ன வந்துச்சுன்னு கேக்கறீங்களா? 2023 மே மாசம் மரக்காணம், செங்கல்பட்டு பக்கம் 20 பேருக்கு மேல செத்தாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல. கொன்னது மெத்தனால். ஆலைகள்ல கரைப்பானாப் பயன்படுறது. உடம்புக்குள்ள போனா ஃபார்மிக் அமிலமா மாறி கண் நரம்பைத் தாக்கும், உயிரையும் எடுக்கும்.

"பார்த்துக் குடிச்சிருக்கக் கூடாதா?"ன்னு அப்போ நிறைய பேர் கேட்டாங்க. எதைப் பார்க்கிறது? மெத்தனாலும் தண்ணியில அதே மாதிரி முழுசாக் கலந்துடும். நிறம் கிடையாது. கொளுத்திப் பார்த்தா ரெண்டும் எரியும். பாலுக்கு லாக்டோமீட்டர் போடுற மாதிரி அடர்த்தி பார்க்கலாம்னா, எத்தனால் 0.789, மெத்தனால் 0.792. அந்தக் கருவியும் கைவிரிச்சிடும். ஆய்வுக்கூடத்துல சோதிச்சாதான் உறுதியாத் தெரியும். பாக்கெட் சாராயம் வாங்குற கூலித் தொழிலாளி ஆய்வுக்கூடத்துக்கு எங்க போவார்?

கள்ளக்குறிச்சிக்கு அப்புறம் 2024-லயே சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரைக்கும் கொண்டுவந்தாங்க. நல்லதுதான். ஆனா தண்டனை சாவுக்குப் பின்னாடி வர்ற விஷயம். கலந்த பிறகு கண்ணால பிடிக்க முடியாத விஷத்தை, கலக்கிறதுக்கு முன்னாடிதான் பிடிக்கணும். மெத்தனால் வாங்குற, விக்கிற ஒவ்வொரு இடத்துலயும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, இருப்பு எவ்வளவுன்னு சொல்லாமக் கொள்ளாம போய் எண்ணிப் பார்க்கணும். ஒரு பீப்பாய் குறைஞ்சாலும் அது எங்க போச்சுன்னு அன்னைக்கே கேக்கணும். முதல் வருஷ அக்கவுண்டன்சி பாடம்தாங்க இது.

அளவுக் குடுவையில நூறுக்கு 96 வந்தா அது வேதியியல். ஸ்டாக் ரிஜிஸ்டர்ல வந்தா, எங்கேயோ யாரோ சாகப்போறாங்கன்னு அர்த்தம். நீங்க என்ன சொல்றீங்க?