கையெழுத்துக்கு முன் கணக்கு

"அவன் காசு எனக்கெதுக்கு? மீன் வித்து நானும் புள்ளையும் பொழச்சிக்கிறோம்." காரைக்கால் கடலோரத்தில், பட்டினச்சேரி போன்ற ஊர்களில், புருஷனை அத்துக்கொண்டு வரும் பெண்கள் பஞ்சாயத்தார் முன்னால் சொல்லிவிடும் வார்த்தை இது. அதிலுள்ள மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வேகத்தில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எது அவன் காசு? ஃபைபர் படகுக்கு எஞ்சின் வாங்க அடகுக்குப் போனது பெரும்பாலும் மனைவியின் நகை. வலை வாங்க எடுத்த மகளிர் குழுக் கடன் அவள் பெயரில் இருக்கும். அவன் கொண்டுவந்த மீனைத் தலைச்சுமையாய் எடுத்துப் போய் விற்று வட்டி கட்டியதும் அவள்தான். படகின் பதிவு மட்டும் அவன் பெயரில். பிரியும்போது கட்டில், பீரோ, பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து "சீர் வந்துவிட்டது, தீர்ந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். எஞ்சின் அவனோடு தங்கிவிடுகிறது, கடன் அவளோடு வந்துவிடுகிறது.

நகை விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. பெண்ணுக்குப் போட்ட நகையும் சீரும் அவளுக்கே முழு உரிமையானவை, கணவன் அவற்றில் பங்காளி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் சொன்னது. 2024 ஏப்ரலில், கேரளப் பெண் ஒருவர் 89 சவரன் நகைக்காகத் தொடுத்த வழக்கிலும் அதையே சொல்லி, கணவர் 25 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. கஷ்டகாலத்தில் எடுத்துப் பயன்படுத்திய நகையையும் கணவன் திருப்பித்தர வேண்டும். எஞ்சினுக்காக அடகு போன நகைக்கும் இது பொருந்தும்.

திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில்தான் சிக்கல். பாதிப் பாதி என்று சொல்லும் சட்டம் நமக்கு இல்லை. கோவாவில் போர்த்துகீசிய சிவில் சட்டப்படி இருக்கிறது. பிரான்சிலும், ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் மணந்தவர்கள் மணவாழ்வில் சம்பாதித்தது இருவருக்கும் பொது என்பது 1966 முதல் விதி. காரைக்காலில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. 1881இல் பிரெஞ்சு அரசு கொண்டுவந்த ஆணையின்படி சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்கள் இங்கே உண்டு. 1963இல் இந்து திருமணச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டித்தபோது அவர்களுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் வேறு. ஆகவே வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது, என் கல்யாணம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதே.

மற்றவர்களுக்கு நம்பிக்கை தருவது சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தந்த தீர்ப்பு. நெய்வேலியில் வேலை பார்த்து, 1983 முதல் 1994 வரை சவுதி அரேபியாவில் இருந்த ஒருவர், தான் அனுப்பிய பணத்தில் மனைவி பெயரில் வாங்கிய சொத்து முழுவதும் தனக்கே என்று வழக்குப் போட்டார். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தில் இருக்கிறது, அவருக்குச் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. அது விவாகரத்து வழக்கல்ல, சொத்து வழக்கு. ஆனாலும் வளைகுடாவுக்குப் போகும் ஆண்கள் நிறைந்த நம் கடற்கரைக்கு அது நேராகப் பொருந்துகிறது. வட்டி கட்டிய, மீன் விற்ற பெண்ணின் வாதம் அதைவிட வலுவானது என்பேன்.

பஞ்சாயத்துப் பத்திரத்துக்கு மதிப்பே இல்லையா? வழக்கப்படி நடக்கும் விவாகரத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் உண்டு என்பதை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லிவிட்டது. நிரூபிக்க முடியாவிட்டால் இரண்டாம் கல்யாணமே செல்லாது. எனவே பஞ்சாயத்தில் பேசி முடித்ததைக் காரைக்கால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்ப் பரஸ்பர சம்மத மனுவாக்குவதே பாதுகாப்பு. ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும், மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 2017 தீர்ப்புக்குப் பின் அந்த ஆறு மாதத்தை நீதிபதி தள்ளுபடி செய்யலாம். நகை எவ்வளவு, கடனை யார் அடைப்பது, பிள்ளைக்கு மாதம் எவ்வளவு என எல்லாம் அந்த மனுவிலேயே இருக்க வேண்டும். அம்மா "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் பிள்ளையின் ஜீவனாம்சம் போய்விடாது.

"அவருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது, பங்குக் காசுதானே, எப்படிக் காட்டுவது?" என்பார்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வந்த தீர்ப்பு இதற்கு வழி செய்திருக்கிறது. ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும். கணவனுக்கு நான்கு வாரம்தான் அவகாசம். ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்காகும். அவன் பொய் எழுதினால் மறுக்க உங்கள் கையில் காகிதம் வேண்டும். படகுப் பதிவுச் சான்றின் நகல், ஏலக் கணக்குச் சீட்டு, அடகு ரசீது, குழுக் கடன் பாஸ்புத்தகம், நகை தெரியும் கல்யாண போட்டோ என்று கிடைப்பதையெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். சுனாமிக்குப் பின் கிடைத்த வீட்டின் பட்டா யார் பெயரில் என்றும் பாருங்கள். பட்டா அவன் பெயரில் இருந்தாலும், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. பேங்க், இன்சூரன்ஸ் நாமினிப் பெயர்கள் விவாகரத்தானதும் தானாக மாறாது. நாம்தான் மாற்ற வேண்டும்.

வக்கீல் செலவுக்குப் பயந்து பலர் படியேறுவதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, வருமானம் எவ்வளவானாலும், பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பேச்சுக்கு இன்றும் கடற்கரையில் மரியாதை இருக்கிறது. சீர் சாமானை எண்ணும் அதே இடத்தில், அந்தப் பெண்ணின் பெயரில் நிற்கும் கடன்களையும் அடகில் கிடக்கும் நகையையும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு முடியாமல் யாரையும் கையெழுத்துப் போடவிடாதீர்கள்.