நிழலில் நிற்கும் பயிர்

வயல்வெளியில் நடந்து செல்வோர் இக்காட்சியைக் கண்டிருப்பர். வரப்போரத்தில் ஒரு புளியமரமோ தென்னை வரிசையோ நிற்கும். அதன் நிழல் விழும் இடத்து நெற்பயிர், நடுவயலில் நிற்கும் பயிரைக் காட்டிலும் சற்று உயர்ந்து, இலை நீண்டு, கரும்பச்சையாக விளங்கும். "பயிர் அங்கேதான் செழித்திருக்கிறது" என்று வழிப்போக்கர் சொல்வதும் உண்டு. ஆனால், அறுத்துத் தூற்றும்போது அந்த இடத்துக் கதிரில் பதரே மிகுந்திருக்கும். இலையின் பசுமையைக் கண்டு விளைவை மதிப்பிடும் நம் பழக்கம் பிழையானது என்பது என் கருத்து. அப்பிழையினால் உழவர்க்கு நேரும் இழப்பும் சிறிதன்று.

இலை ஓர் உணவுச்சாலை. அங்கே இருவகை வேலை நடைபெறுகின்றது. பச்சையம் கதிரவனின் ஒளியைப் பற்றுகிறது. அவ்வாற்றலைக் கொண்டு நொதிகள் கரியமிலவாயுவைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. ஒளி குறையும்போது செடி முதல் வேலையில் கருத்தைச் செலுத்துகிறது. இலையின் எடைக்குப் பச்சையத்தை மிகுதியாக்கி, கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் நழுவ விடாமல் பற்ற முயல்கிறது. பச்சையத்தில் ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் இரு வகைகள் உண்டு. அவற்றுள், ஒளியைத் திரட்டிக் கொடுக்கும் ‘பி’ வகையின் பங்கு நிழலில் கூடுகிறது. சர்க்கரை ஆக்கும் வேலைக்குத் தலைவன் போன்றது ருபிஸ்கோ என்னும் நொதி. நெல்லிலையில் உள்ள தழைச்சத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்நொதி ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது. வேலை இல்லாத இடத்தில் இத்தனை ஆட்களை அமர்த்தி வைப்பது வீண் அன்றோ? ஆதலின் நிழலிலை அதனைக் குறைத்துக்கொள்கிறது, மெல்லியதாக வளர்கிறது, சுவாசத்திற்கு ஆகும் செலவையும் சுருக்குகிறது. வருவாய் குன்றிய குடும்பம் சிக்கனமாக வாழ்வதை இதற்கு ஒப்பிடலாம். நாம் செழிப்பு என்று கருதிய கரும்பச்சை, உண்மையில் பசியின் நிறம்.

உயரம் மிகுவதற்கும் காரணம் உண்டு. மேலே உள்ள இலைகள் சிவப்பு ஒளியைப் பெரிதும் உண்டுவிடுகின்றன. சிவப்பிற்கு அப்பால், நம் கண்ணுக்கு எளிதில் புலப்படாத தொலைச்சிவப்பு ஒளியை அவை உண்பதில்லை. அது கீழே இறங்கி வருகிறது. செடியில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி இவ்விரண்டின் விகிதத்தை அளந்து, ‘அண்டையில் ஒருவன் ஒளியை மறைக்கிறான்’ என்று உணர்கிறது. உடனே தண்டு நீள்கிறது. தூர் கட்டுவதற்கும் மணி பிடிப்பதற்கும் செல்லவேண்டிய உணவு, உயர்வதற்குச் செலவாகிவிடுகிறது.

எல்லாச் செடிகளும் நிழலில் நெல்லைப் போலவே துன்புறும் என்று எண்ணிவிடலாகாது. காப்பிச்செடி எத்தியோப்பிய நாட்டுக் காடுகளில், பெருமரங்களின் கீழ்த் தோன்றியது. ஏற்காட்டிலும் குடகிலும் இன்றும் அதனை மரநிழலிலேயே வளர்க்கின்றனர். முழு வெயிலில் விட்டால் அது அளவுக்கு மீறிக் காய்த்து, கிளை காய்ந்து நலிவதுண்டு. இஞ்சியும் மஞ்சளும் சேனையும் ஓரளவு நிழலைப் பொறுக்கும். இவை சிக்கன வாழ்வில் பிறந்து வளர்ந்தவை. நெல்லோ வெயிலின் பிள்ளை. சிக்கனம் அதற்கு இடுக்கண் வந்தபோது கைக்கொள்ளும் வழியே.

மரத்தின் நிழல் வயலின் ஓரத்தோடு நின்றுவிடும். மேகத்தின் நிழலோ வயல் முழுவதையும் மூடுவது. காவிரிப் படுகையில் சம்பாப் பயிர் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையைக் கடந்தே விளைய வேண்டும். இளமையில் சில நாள் ஒளி குன்றினால் பயிர் பின்னர் ஈடு செய்துகொள்ளும். கதிர் உருவாகும் பருவத்தில் குன்றினால் பூக்களின் எண்ணிக்கை குறையும். பால் பிடிக்கும் பருவத்தில் குன்றினால் மணி நிறையாது.

இத்தகைய நாள்களில் உழவர் செய்யும் ஒரு செயலை நான் வன்மையாக மறுக்கிறேன். பக்கத்து வயல் கறுத்து நிற்பதைப் பார்த்து, தம் வயலும் அவ்வாறு நிற்கவேண்டும் என்று யூரியாவை அள்ளி வீசுகின்றனர். ஒளி இல்லாதபோது அத்தழைச்சத்து மணியாக மாறுவது அரிது. இலைகள் மேலும் பெருகி ஒன்றையொன்று மறைக்கும். தண்டு நீண்டு மெலியும். அடுத்த பெருமழையில் பயிர் சாயும். குலைநோய்க்கும் அதுவே வாயிலாகும். கடன்பட்டு வாங்கிய உரம் பயிரைப் படுக்க வைக்கிறது! ‘உரம் இட்டும் விளையவில்லை’ என்று பின்னர் வானத்தை நோவதில் பயன் என்ன? மேலுரத்தைப் பிரித்து இடுதலும், இலை வண்ண அட்டையோடு இலையை ஒப்பிட்டுப் பார்த்து, வெளிறியிருந்தால் மட்டும் இடுதலும் இதற்கு ஏற்ற வழிகள். அட்டையின் விலை ஒரு மூட்டை யூரியாவின் விலையை எட்டாது.

ஐயுறுவோர் அடுத்த அறுவடையின்போது, மரநிழல் பட்ட இடத்திலும் நடுவயலிலும் ஒரே அளவு நிலத்துக் கதிரைத் தனித்தனியே அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்துப் பார்க்கட்டும். மாணவரும் விடுமுறை நாளில் தம் ஊர் வயலில் இதனைச் செய்யலாம். ஒரு முறமும் ஒரு தராசும் போதும்.