விசில் ஊதியவருக்கு என்ன பாதுகாப்பு?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போயிருந்தோம். வனத்துக்குள் இருக்கும் பொழுதுபோக்கு இடம். பாயை விரித்து, கோழிப் பிரட்டலையும் புளிச்சோற்றையும் இறக்கி வைத்தாயிற்று. பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லை.

திடீரென்று விசில் சத்தம். சீருடைச் சட்டை போட்ட ஓர் இளைஞர் பாறை பாறையாகத் தாவி வந்து, "நாயேக்! செமுவா நாயேக்!" என்று கத்தினார். எங்கள் அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "மழையே இல்ல, இவனுக்கு என்னவாம்? நம்ம ஆளுங்கன்னா மட்டும் வெரட்டுவானுங்க" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் தோன்றியது. எங்கே போனாலும் விரட்டப்பட்டுப் பழகிய சமுதாயம் அல்லவா நாம்! விசில் சத்தம் கேட்டால்கூட நமக்கு அவமானமாகத்தான் படுகிறது.

அந்த இளைஞர் வாதம் செய்யவில்லை. தண்ணீரைக் கையால் காட்டினார். கண்ணாடி போல இருந்த ஆறு தேத்தண்ணி நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. காய்ந்த இலைகளும் குச்சிகளும் கூட்டமாக மிதந்து வந்தன. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். சிறிது நேரத்தில், அவர்கள் நின்ற அதே இடத்தில் மரக்கட்டைகள் முட்டி மோதிக்கொண்டு ஓடின. அண்ணி தன் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பிறகு அந்த இளைஞரை உட்கார வைத்துச் சோறு போட்டோம். ஓராங் அஸ்லி சமூகத்தைச் சேர்ந்தவர். பேச்சுவாக்கில் சம்பளத்தைப் பற்றிக் கேட்டோம். நாட்கூலிதானாம். ஆற்றை மூடிவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, கூலியும் இல்லையாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்பர்களே, இதைக் கொஞ்சம் சிந்தியுங்கள். நம் பிள்ளைகளைக் காப்பாற்ற அவர் ஊதிய அந்த விசில், அவருடைய அன்றைய கூலியை அவரே வெட்டிக்கொண்ட விசில்! மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை என்று தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளம் கேட்டுப் பல்லாண்டுகள் போராடிய சமுதாயம் இது. அதே அநியாயம் இன்று காட்டுக்குள் நடக்கும்போது, நமக்கு என்ன என்று இருந்துவிட முடியுமா?

அன்று நாங்கள் தப்பித்தது கெப்பாலா ஆயர் என்று சொல்கிறார்களே, அந்தக் காட்டாற்று வெள்ளத்திலிருந்து. மலை உச்சியில் மழை கொட்டும். கீழே வெயில் அடிக்கும். மேலே கிளைகளும் கட்டைகளும் ஆற்றை அடைத்து அணைபோல் நிற்கும். அது உடைந்தால் தண்ணீர் சுவராக வரும். 1996 ஆகஸ்ட் 29இல் பேரா, கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங் ஓராங் அஸ்லி குடியிருப்பைச் சேறும் கட்டைகளும் கலந்த இப்படிப்பட்ட வெள்ளம்தான் அடித்துச் சென்றது. 44 உயிர்கள் போயின. 2021 ஆகஸ்டில் கெடா, குனோங் ஜெராய் அடிவாரத்திலும் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் உயிர்களைப் பலிகொண்டது.

இந்த ஆபத்தில் தப்பிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். 999க்கு அழைத்து, போம்பா வண்டி பட்டணத்திலிருந்து கிளம்பி, மண்சாலை ஏறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு நமக்கு இருக்கும் ஒரே அரசாங்கம் அந்த ரேஞ்சர்தான். அந்த மலை வழிகாட்டிதான். தாமான் நெகாரா மட்டுமே 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு. அதற்கு வேலி போட முடியாது. விளக்குப் போட முடியாது. காட்டை அறிந்த மனிதர் ஒருவர்தான் அங்கே பாதுகாப்பு.

அந்த மனிதர் யார்? பெரும்பாலும் காட்டோரத்துச் சிறுபான்மை மக்களே. 1956இல் அமைக்கப்பட்ட சேனோய் பிராக் என்ற போலீஸ் படை ஓராங் அஸ்லி மக்களைக் கொண்டது. 2019இல் நெகிரி செம்பிலானில் ஓர் அயல்நாட்டுச் சிறுமி காணாமற்போனபோது, காட்டுக்குள் தடம் தேட அவர்களைத்தான் அழைத்தார்கள். காட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று நாடே பாராட்டியது. ஆனால் அதே மக்கள் தங்கள் பூர்வீக நிலத்துக்காக நீதிமன்றப் படியேறினால் எத்தனை பேர் கூட நிற்கிறோம்?

சபாவுக்கு வாருங்கள். 2015 ஜூன் 5, காலை 7.15. கினபாலு மலையை 6.0 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. 4,095 மீட்டர் உயர மலையில் பாறைகள் உருண்டன. 18 பேர் மாண்டனர். அவர்களில் சிங்கப்பூர் தொடக்கப்பள்ளி மாணவர்கள் 7 பேர். மலை வழிகாட்டிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. மேலும் 137 பேர் மலையில் சிக்கிக்கொண்டார்கள். மோசமான வானிலையில் ஹெலிகாப்டரால் அவர்களை இறக்க முடியவில்லை. பாறை விழுந்துகொண்டிருந்த பாதையில் நடந்தே அவர்களைக் கீழே கொண்டுவந்தவர்கள் மலையடிவாரக் கிராமங்களைச் சேர்ந்த வழிகாட்டிகள். பெரும்பாலோர் டூசுன் மக்கள். இறந்தவர்களின் ஆவி தங்கும் இடம் என்று தங்கள் முன்னோர் வணங்கிய மலையில், தங்கள் தோழர்களின் உடலையும் அவர்களே சுமந்து இறங்கினார்கள்.

நாடு அவர்களை வீரர்கள் என்றது. நல்லது. பின்னர் மலைத் தேடல் மீட்புக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. அதையும் வரவேற்கிறோம். ஆனால் அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு உச்சிக்குச் செல்லும் பாதை 2015 டிசம்பர் வரை மூடிக் கிடந்தது. ஏறும் ஆளுக்குத் தக்கபடி கூலி பெறும் வழிகாட்டியின் வீட்டில் அந்த மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்? பதக்கத்தை அரிசிக் கடையில் கொடுக்க முடியுமா?

இது இரக்கம் காட்டும் விஷயம் அல்ல; நம் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். மூடினால் கூலி போகும் என்று தெரிந்த ஒருவர், வானத்தைப் பார்த்து இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்போம் என்று ஒரு நாள் நினைக்கக்கூடும். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆபத்தைச் சொல்பவரின் வயிற்றில் அடிக்கும் ஏற்பாடு, கடைசியில் ஆற்றில் நிற்கும் நம் பிள்ளையைத்தான் அடிக்கும்.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். சொக்சோவின் கீழ் சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்கள், 2020 முதல் இன்னும் பல துறைகள் என்று அது விரிந்திருக்கிறது. ஆனால் அதில் சந்தாவைக் கட்ட வேண்டியவர் தொழிலாளிதான். நாட்கூலியை நம்பி வாழ்பவர் முதலில் அரிசி வாங்குவாரா, சந்தா கட்டுவாரா? அவர் உழைப்பில் கட்டணம் வசூலிக்கும் தரப்புதான் அவருடைய காப்புறுதியையும் கட்ட வேண்டும்.

எனவே நம் கோரிக்கைகள் எளியவை. காட்டிலும் மலையிலும் மக்களைக் காக்கும் ரேஞ்சருக்கும் வழிகாட்டிக்கும் மாதச் சம்பளம் வேண்டும். ஆபத்து கருதி இடத்தை மூடும் நாளுக்கும் முழுச் சம்பளம் வேண்டும். மீட்புப் பணியில் அடிபட்டால் சிகிச்சையும், உயிர் போனால் குடும்பத்துக்கு ஓய்வூதியமும் வேண்டும். மக்கள் கூடும் ஆறுகளில் அபாயச் சங்கு வேண்டும். எச்சரிக்கைப் பலகைகள் மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் சீனத்திலும் இருக்க வேண்டும். நம் பாட்டிக்கும் படிக்கத் தெரிந்தால்தானே பேரனைக் கரையேற்றுவார்!

அரசமைப்புச் சட்டப்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். ஆகவே இதைக் கேட்க கோலாலம்பூருக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கேளுங்கள். அவர் அடுத்த முறை கோயில் திருவிழாவுக்கு மாலை வாங்க வரும்போதும் கேளுங்கள்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. மலைப்பக்கம் இருட்டினால் ஆற்றில் இறங்காதீர்கள். தண்ணீர் கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்தால், மேலே இரைச்சல் கேட்டால், பானையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடேறுங்கள். விசில் ஊதுபவரோடு சண்டை போடாதீர்கள். அவர் நம்மை விரட்டுபவர் அல்லர். நம்மைப் போலவே நாட்கூலிக்கு உழைப்பவர்.

பள்ளி முடித்து வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் காட்டின் ஓரத்தை வெட்டித் தோட்டம் போட்டவர்கள் உங்கள் பாட்டன்மார்கள். அந்தக் காட்டைக் காக்கும் வேலையும் உங்களுக்கு உரியதுதான். வனவிலங்குத் துறையிலும் வனத்துறையிலும் ஆள் எடுக்கும்போது மனுச் செய்யுங்கள்.

அண்ணி இப்போதும் ஆற்றுக்கு வருகிறார். ஆனால் போனதும் பாயை விரிப்பதில்லை. விசில் வைத்திருப்பவர் எங்கே நிற்கிறார் என்று தேடிப் பார்த்து, அவருக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடுகிறார். அண்ணி தன் கடனைச் செய்கிறார். அரசாங்கம் எப்போது செய்யப்போகிறது?